தங்குபவர்கள்: ஒருவர்

செத்துப்போன மனுஷனுக்கு ஷெட் கட்ட யாராவது ஆபீசில் போய் அனுமதி கேட்பார்களா? தையல்காரம்மா கேட்டாள். கேட்டதோடு நில்லாமல், உள்ளதை உள்ளபடி ஃபாரத்தில் எழுதியும் கொடுத்தாள்.

இதில் பாதித் தப்பு அவள் வீட்டுக்காரருடையது. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். ஊரில் அவருக்குப் பெயர் ‘சட்டம்’. டிக்கெட் எடுக்காத சொந்த மைத்துனனையே நடுவழியில் இறக்கிவிட்டு, “வீட்டுக்கு எப்ப வேணா வா, என் பஸ்ல இப்படி வராதே” என்று சொன்ன ஆள். மழை கொட்டினாலும் பூங்காவில் புல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் போவார். கடைசி எட்டு மாதம் நுரையீரல் கெட்டுப்போய்ப் பின்னறைக் கட்டிலோடு கிடந்தார். கண்ணும் மங்கிவிட்டது. வீட்டுக்கு வருகிற காகிதம் எதுவானாலும் அவள்தான் படித்துக் காட்ட வேண்டும். தண்ணீர் நிறுத்தும் நோட்டீஸானாலும் சரி, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற பொடியெழுத்துத் தாளானாலும் சரி, தலைப்பிலிருந்து அச்சடித்தவன் விலாசம் வரைக்கும். “ஒரு வரி விடாம படி” என்பார். படித்து முடித்ததும் தொண்டையைக் கனைப்பார். கேட்டாயிற்று, ஒப்புக்கொண்டாயிற்று என்று அர்த்தம்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இருமல் மட்டும் போகவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பின்னறையில் இரண்டு இருமல் கேட்கும். அப்புறம் ஒரு நீளமான மூச்சு. கட்டில் ஒரு தடவை கிறீச்சிடும். முதல் வாரம் முழுக்க அவள் பழக்கதோஷத்தில் வெந்நீர் வைத்து டம்ளரோடு போய் நின்றாள். கட்டிலில் யாரும் இல்லை, விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பயமா? எட்டு மாதம் சளிக் கிண்ணம் கழுவிய கைக்கு இருமலில் என்ன பயம்! நிஜத்தைச் சொன்னால் அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. தபாலில் வருகிற காகிதங்களைப் பின்னறைக்கு எடுத்துப்போய்ப் படிப்பதையும் அவள் நிறுத்தவில்லை. முடித்ததும் கனைப்புக் கேட்கும். அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து மிஷினில் உட்காருவாள். சும்மா சொல்லக் கூடாது, உயிரோடு இருந்த காலத்தைவிட இப்போது அவரோடு குடித்தனம் சுலபமாகவே இருந்தது.

சிக்கல் மகள் ரூபத்தில் வந்தது. நாலு மாதக் கைக்குழந்தைக்காரி. அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. அவளுக்கே இப்போது இந்த ஊரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, ஒண்ணாம் தேதி சேர வேண்டும். குழந்தையை அம்மா பார்த்துக்கொண்டால்தான் உண்டு. வீட்டில் இருப்பதோ முன்னறை, சமையலறை, பின்னறை. முன்னறையில் மிஷினும் துணி மூட்டைகளும் போக மிச்ச இடத்தில் தையல்காரம்மா படுத்துக்கொள்கிறாள். மகளுக்கும் குழந்தைக்கும் பின்னறைதான்.

“அந்த ரூம்ல நான் படுக்க மாட்டேம்மா” என்றாள் மகள் போனில்.

“உங்க அப்பாதானேடி?”

“அப்பாதான், எனக்குத் தெரியாதா? போன தடவ வந்தப்ப அந்த இருமல கேட்டுட்டு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் தனி ஆளா இருந்தா தாங்கிக்குவேன். பச்சக் குழந்தைய அங்க போட முடியாது. ஒண்ணு அவரு, இல்ல நாங்க. நீயே முடிவு பண்ணு.”

தையல்காரம்மா பின்னறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். எதையும் அவரிடம் மறைத்துப் பழக்கமில்லை. கனைப்பு வரவில்லை. மறுநாள் விடியலில் ஒரே ஒரு இருமல், அதுவும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமியது மாதிரி.  செத்தும் இந்த மனுஷன் யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று பார்க்கிறாரே!

அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற இடம் அவள் கண்ணில் பட்டது. அங்கே ஒரு ஷெட் போட்டு, கட்டிலையும் ரேடியோவையும் மூக்குக் கண்ணாடியையும் கொண்டுபோய் வைத்தால் மகளும் வரலாம், அவரும் இருக்கலாம். யாரும் யாரையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

வெல்டர் வந்து பார்த்தான். “எட்டுக்குப் பத்து போதும்மா. இரும்புச் சட்டம், மேல தகரம், சுத்தி போர்டு. ரெண்டே நாள்ல நிறுத்திடுறேன்.”

“பர்மிட் வாங்கணுமே?”

“அட போங்கம்மா! இந்தத் தெருவுல எத்தன ஷெட் இருக்கு, ஒருத்தராவது வாங்கியிருப்பாங்களா? எல்லாரும் இப்படித்தான் கட்டிக்கறாங்க.”

“அனுமதி இல்லாத கூரைக்குக் கீழ எங்க வீட்டுக்காரர் வந்து படுக்க மாட்டாருப்பா.”

வெல்டர் ஊருக்குப் புதுசு. “அப்படிப்பட்ட மனுஷரா?” என்று வாயைப் பிளந்தான்.

“அப்படிப்பட்ட மனுஷர்தான்” என்றாள் தையல்காரம்மா. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கட்டட அனுமதி ஆபீசில் நாலாம் நம்பர் கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். ஃபாரத்தை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ‘பயன்பாடு’ என்ற இடத்தில் ‘என் வீட்டுக்காரர் இருப்பதற்கு’ என்றும், ‘தங்குபவர்கள்’ என்ற இடத்தில் ‘ஒருவர்’ என்றும் எழுதியிருந்தது.

“இருக்கறதுக்குன்னா? படுக்கறதுக்கா?”

“ஆமாம்மா. அவரு பகல்லயும் படுத்துதான் இருப்பாரு.”

“அது முடியாதுங்க. உங்க ஏரியாவுல ஒரு மனைக்கு ஒரு வீடுதான். ஷெட்டுல ஆள் படுத்தா அது ரெண்டாவது வீடு ஆயிடும். அவருக்கு என்ன வயசு?”

“அறுபத்தொண்ணு. அதோட நின்னுடுச்சு.”

கவுண்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் கழுத்தில் அளவு டேப்போடு ஒரு அம்மா சாதாரணமாக நின்றுகொண்டிருந்தாள். ஃபாரத்தின் மேல்பக்கம் ‘காலஞ்சென்ற’ என்று ஆரம்பிக்கும் உரிமையாளர் பெயரையும் அவள் பார்த்தாள். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். ஒன்றும் கேட்காமல் இன்னொரு ஃபாரத்தை எடுத்து நீட்டினாள்.

“பழைய சாமான் வைக்கறதுக்குன்னு எழுதுங்கம்மா. தங்குறவங்க, யாரும் இல்ல. அவ்வளவுதான். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “உள்ள என்ன வச்சிருக்கீங்கன்னு தினமும் வந்தா பாக்கப் போறோம்?” என்றாள்.

தையல்காரம்மா அப்படியே எழுதினாள். ‘இதில் எவரும் தங்கமாட்டார்கள் என உறுதியளிக்கிறேன்’ என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்தும் போட்டாள். பழைய சாமான் என்று எழுதும்போது கை கூசத்தான் செய்தது. அதன் நகலைப் பின்னறைக்குக் கொண்டுபோய்ப் படிக்கவில்லை. மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் செருகிவிட்டாள். அவருக்குத் தெரியாமல் அவள் வைத்த முதல் காகிதம் அதுதான்.

தங்குபவர் தகராறு தீர்ந்தது என்றால் இடத் தகராறு ஆரம்பித்தது. “உங்களுது மூலை மனை” என்று கவுண்டர் பெண் ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டியிருந்தாள். “ரெண்டு பக்கம் தெரு. உங்களுக்கு வாசல் ஒண்ணா இருக்கலாம், எங்களுக்கு உங்க வீட்டுக்கு முகம் ரெண்டு. ரெண்டு தெருவுக்கும் பத்தடி விடணும். பக்கத்து மதிலுக்கு மூணடி. கழிவுநீர்க் குழாய் போற எடத்துல ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.”

எல்லாவற்றையும் விட்டுப் பார்த்தால் நிற்பதற்கே இடமில்லாத மாதிரி இருந்தது. ஆனால் துணி போதாது என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாதவள் அவள். பழைய நாளிதழ்களைப் பசை போட்டு ஒட்டி எட்டுக்குப் பத்து அளவில் ஒரே தாளாக்கினாள். அதைத் தரையில் விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, நேர் போட்டுக் குறுக்கே போட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டு டிரைவர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “என்னக்கா, பூமிக்கே சட்டை தைக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் மதிலை ஒட்டிய பக்கம், நீளவாக்கில், ஒரே ஒரு இடத்தில் தாள் உட்கார்ந்தது. தையலுக்கு விடுகிற அளவு மிச்சமும் இருந்தது.

சர்வேயர் ஒருநாள் காலை பத்து மணிக்கு வந்து தன் இரும்பு டேப்பால் அளந்தார். மறுபடி அளந்தார்.

“எங்களவிட கரெக்டா அளந்திருக்கீங்களே!”

“நாங்க அரை இஞ்ச் தப்பினா போட்டுக்க முடியாது சார். உங்களுக்கு அந்தக் கவல இல்ல.”

அவர் சிரித்துக்கொண்டே மூலைகளில் முளை அடித்தார். காய்ந்த மண், தூசி கிளம்பியது. பின்னறை ஜன்னலுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. இரண்டு தடவை, அப்புறம் நீளமான மூச்சு.

“உள்ள யாரும்மா? உடம்பு சரியில்லையா?”

“வீட்டுக்காரர் சார். தூசி ஆகாது அவருக்கு.”

சர்வேயர் தலையாட்டிவிட்டுக் கையிலிருந்த ஃபைலைப் புரட்டினார். உரிமையாளர் பெயர் இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி ஃபைலைப் பார்த்தார். நாலாவது முளையை அடிக்காமலே டேப்பைச் சுருட்டிக்கொண்டு, “எல்லாம் சரியா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கிவிட்டார்.

மூன்றாவது வாரம் உத்தரவு வந்தது. வெல்டர் சொன்ன வாக்குப்படி இரண்டே நாளில் ஷெட்டை நிறுத்தினான். தையல்காரம்மா உள்ளே சுத்தமாகக் கூட்டி, ஜன்னலுக்குத் தன் கையால் ஒரு திரை தைத்துப் போட்டாள். மகள் வர இன்னும் மூன்று நாள். இனி அவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணி. கையில் உத்தரவோடு பின்னறைக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அனுமதியோடு கட்டிய இடம் என்பதை அவர் காதால் கேட்டால்தான் கிளம்புவார். உத்தரவில் ஒன்பது நிபந்தனைகள் இருந்தன. ஆறாவதை விட்டுவிட வேண்டும் என்று காலையிலிருந்தே மனசில் உருப்போட்டு வைத்திருந்தாள். அந்த வரிமேல் கட்டைவிரலையும் வைத்துக்கொண்டாள்.

“என்னங்க, கேளுங்க. ஆபீஸ் உத்தரவு வந்திருக்கு” என்று ஆரம்பித்தாள். எண், தேதி, பொருள். உயரம் எட்டடிக்கு மேல் போகக் கூடாது. மதிலுக்கு மூன்றடி. குழாய்ப் பாதையில் கட்டக் கூடாது. கூரைத் தண்ணீர் தெருவில் விழக் கூடாது. தண்ணீர், கழிவு இணைப்பு கூடாது. வாய் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷத்துப் பழக்கம்! பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும்போது கட்டைவிரல் விலகியதும் அவளுக்குத் தெரியவில்லை. ‘ஆறு, இக்கட்டடத்தில் எவரும் தங்கவோ உறங்கவோ கூடாது. மேற்படி எவரும் தங்கமாட்டார்கள் என்று விண்ணப்பதாரர் கையொப்பமிட்டு உறுதியளித்துள்ளார்’ என்று படித்து, ஏழாவதின் பாதிக்கும் போய்விட்டாள். அங்கேதான் என்ன படித்தோம் என்று தெரிந்து நிறுத்தினாள்.



அப்புறம் அவர் கனைத்தார். கேட்டாயிற்று, ஒப்புக்கொண்டாயிற்று.

கட்டில் கிறீச்சிட்டது. ஆள் புரண்டு படுக்கும்போது வருகிற சத்தமில்லை இது. காலைத் தொங்கவிட்டு எழுந்திருக்கும்போது வருகிற சத்தம். வலதுகால் செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற அந்த நடை அவளைத் தாண்டிப் போயிற்று. சமையலறையைக் கடந்தது. பின்கதவு திறந்தது.

“ஏங்க! இருங்க!” என்று எழுந்து ஓடினாள். முட்டி கதவில் இடித்தது. வெயிலில் ஷெட் புதுசாக நின்றுகொண்டிருந்தது. நடை அதன் வாசலில் கொஞ்சம் நின்றது.  உள்ளே போங்க, உள்ளே போங்க என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினாள். நடை திரும்பி, ஷெட்டைச் சுற்றிக்கொண்டு, பக்கத்துத் தெருவைப் பார்த்த கேட்டுக்குப் போயிற்று. தாழ்ப்பாள் விலகியது. கேட் திறந்து மூடியது. போகிறவர் கேட்டை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போனார்.

அவள் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கே ஓடினாள். “அது சும்மா எழுதினதுங்க! எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க!” என்று கத்தினாள். கத்திய பிறகுதான் உறைத்தது. முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் எடுக்காதவன் ஒவ்வொருத்தனும் அவரிடம் சொன்ன வார்த்தை அது. எல்லாரும் இப்படித்தான் வர்றாங்க சார் என்பான். அதைக் கேட்டு அவர் ஒரு தடவைகூட விட்டதில்லை. சைக்கிளில் போன ஒருத்தர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். மற்றபடி தெருவில் யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் டிரைவரைத் துணைக்குக் கூப்பிட்டுக் கட்டிலை ஷெட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். விரிப்பை இழுத்துச் செருகி, தலையணை வைத்து, ரேடியோவைப் பக்கத்தில் வைத்தாள். கோபம் ஆறினால் வருவார் என்று எண்ணம். விடியலில் ஐந்து மணிக்கு ஷெட் வாசலில் வெந்நீரோடு நின்றாள். வெந்நீர் ஆறியது. மறுநாளும் நின்றாள்.

மகள் குழந்தையோடு வந்தாள். குழந்தை முதல் நாளே பின்னறையில் காலை உதைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கியது. மகள்தான் தூங்கவில்லை. இரண்டாம் நாள் விடிந்ததும் சமையலறைக்கு வந்து நின்றாள்.

“ஷெட்டுல எட்டிப் பாத்தேன். சத்தமே இல்லையே?”

தையல்காரம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். ஃபாரம், கையெழுத்து, ஆறாவது நிபந்தனை, எதையும் விடவில்லை. “நானேதாண்டி படிச்சு அனுப்பிட்டேன்” என்றாள்.

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் ரூமத்தானேம்மா கேட்டேன்? அவர எங்க போகச் சொன்னேன்? ஷெட் வாசல்ல நின்னு பிள்ளைய ஒரு தடவ காட்டலாம்னு இருந்தேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எங்கம்மா போவாரு? நம்மள விட்டா அவருக்கு யாரு இருக்கா?” என்றாள்.

 பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பாரோ என்று தையல்காரம்மா இரண்டு நாள் அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அடுத்த வாரம் இறுதி ஆய்வு. கட்டி முடித்ததைச் சர்வேயர் நேரில் பார்த்து எழுதிக்கொடுத்தால்தான் அனுமதி நிலைக்கும். அவர் வந்து உயரம் பார்த்தார், மதில் தூரம் பார்த்தார். ஷெட் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார். விரித்த கட்டில், தலையணை, ரேடியோ, அதன்மேல் மடித்து வைத்த மூக்குக் கண்ணாடி, மூடி போட்ட டம்ளரில் தண்ணீர். யார் பார்த்தாலும் ஆள் இருக்கிற இடம் என்றுதான் சொல்வார்கள். இதை வைத்தே ஷெட்டைப் பிரிக்கச் சொல்லி அவர் எழுதிவிடலாம்.

அவர் எழுதவில்லை. ஃபைலை மூடிக்கொண்டார்.

“அம்மா, அன்னைக்கு நானும் என் காதால கேட்டேன். பயந்து ஓடினேன், ஒத்துக்கறேன். வீட்டுக்குப் போயி ரொம்ப நேரம் யோசிச்சேன். நீங்க யார இங்க வச்சிருந்தாலும் வச்சிருங்க. யாரும் இல்லன்னு எழுதிட்டுப் போயிடறேன். என்ன, எழுத்துல ஒரு வரிதானே?”

இந்த ஆள் வந்து கேட்டால் என்ன பொய் சொல்வது என்று அவள் ஒரு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அது இப்போது வேண்டியிருக்கவில்லை.

“எனக்காகப் பொய் எழுதாதீங்க சார். உள்ள போயி நல்லா பாத்துட்டே எழுதுங்க.”

சர்வேயர் உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் டிரைவர் வண்டி கழுவுகிற சத்தம் வந்தது. வீட்டுக்குள் மகள் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் தரையைக் காலால் தட்டிக்கூடப் பார்த்தார், கொஞ்சம் தூசி எழும்பியது. நேரம் போயிற்று. வெளியே வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

“ஆமாம்மா” என்றார். “யாரும் இல்ல.”

‘தங்குபவர்கள்: எவரும் இல்லை. நேரில் கண்டறியப்பட்டது’ என்று எழுதி, கீழே அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் பேனாவை வாங்கிப் போட்டாள். இந்த ஒரு வரியாவது பொய்யாக இருக்கக் கூடாதா என்று நினைத்தாள். அப்புறம் ஷெட் வாசலில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு வருஷம் கழித்து, புருஷன் செத்துப்போனதற்காக அழுதாள்.